கடனும் நாணயமும்

நாணயம் என்ற சொல் தமிழில் இருபொருள் தரும். கையிற் புரளும் காசுக்கும் அது பெயர். சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் அது பெயர். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவனை 'நாணயமானவன்' என்று ஊரார் சொல்லும்பொழுது இவ்விரு பொருளும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. அண்டை அயலார் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த சிற்றூரில் இக்கலப்பினாற் பெருந்தீங்கு விளைந்திராது. கடன் கொடுத்தவனுக்கு வாங்கியவனுடைய வயலும் தெரியும்; அவ்வயலுக்குப் பொய்த்த மழையும் தெரியும். ஆனால், மனிதனை ஒருபோதும் கண்டிராத ஓர் அரசாங்க இயந்திரம், அவனுடைய கடன் கணக்கை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு, 'இவன் காசில் நாணயம் தவறியவன். ஆதலால் குணத்திலும் நாணயமற்றவன்' என்று தீர்ப்புக் கூறப் புகும்போது, சொல்லின் இரு பொருளையும் பிரித்துப் பார்க்கவேண்டிய கடமை நமக்கு ஏற்படுகின்றது.

இது வெறுங் கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவில் அரசாங்க இரகசியங்களோடு தொடர்புடைய எந்த வேலையிலும் அமரவேண்டுமாயின் 'பாதுகாப்பு அனுமதி' என்றொன்று வேண்டும். படைத்தலைவர்களுக்கும் உளவுத்துறையினருக்கும் மட்டும் உரிய ஏற்பாடு இது என்று நினைத்தல் தவறு. கப்பற்றளத்துத் தொழிலாளி, விமானத் தொழிற்சாலையின் வரைபடக் கலைஞர், கணினி பழுதுபார்ப்பவர், தட்டெழுத்தாளர் ஆகிய பலரும் இதற்குட்பட்டவர்கள். 2013ஆம் ஆண்டில் இவ்வனுமதிக்கு உரியோராய் இருந்தவர்களின் தொகை ஐம்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆகவே, இவ்வனுமதியைப் பற்றிய கேள்வி, இலட்சக்கணக்கான உழைப்பாளரின் சோற்றைப் பற்றிய கேள்வியுமாகும்.

இவ்வேற்பாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1947இல் சனாதிபதி ட்றூமன் அரசாங்க உத்தியோகத்தரின் விசுவாசத்தை ஆராயும் கட்டளையைப் பிறப்பித்தார். 1953இல் ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் இலக்கக் கட்டளை விசுவாசத்தோடு நில்லாது, ஒருவரது ஒழுக்கம், பழக்கம், நம்பகம் அனைத்தையும் ஆராய்ச்சிக்குட்படுத்தியது. இன்று வழிகாட்டியாய் உள்ளது 2017 யூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்த பணிப்புரையாகும். அது பதின்மூன்று தலைப்புக்களின் கீழ் மனிதனை நிறுத்துப் பார்க்கிறது. அவற்றுள் இரண்டே நமது ஆராய்ச்சிக்கு உரியன. ஒன்று பணநிலைமை, மற்றது தனிமனித நடத்தை.

பணநிலைமை பற்றி அப்பணிப்புரை கூறும் நியாயம் இதுதான்: வரவுக்கு மேற் செலவு செய்து கடனில் மூழ்கியவன் தன்னடக்கமும் தீரவாராயும் ஆற்றலும் அற்றவனாய் இருக்கலாம், கடன் நெருக்கும்போது பணத்துக்காகத் தகாத செயலில் இறங்கவும் கூடும். தனிமனித நடத்தை என்ற தலைப்பின் கீழ் முதன்மை பெறுவது உண்மை கூறுதல். கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றே பொய்யுரைத்தவனும், கூறவேண்டியதை மறைத்தவனும் இரகசியத்தைக் காக்கத் தகுதியற்றவர்கள் என்பது அதன் துணிபு.

இந்நியாயத்தை நாம் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுதல் நேர்மையாகாது. றொனால்ட் பெல்ரன் என்பவர் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகவரகத்தில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். 1979இல் கடன் தாங்காது வங்குரோத்தானார். பதவியை விட்டு விலகினார். 1980 சனவரியிற் சோவியத் தூதரகத்தின் வாயிலை அடைந்து தாம் அறிந்தவற்றை விற்றார். கடனுக்கும் காட்டிக்கொடுத்தலுக்கும் இடையே பாதை உண்டென்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. ஆனால் அப்பாதையில் நடப்போர் கடனாளிகள் மாத்திரந்தாமா? மத்திய உளவுத் தாபனத்தின் அல்ட்றிச் ஏம்ஸ் 1985இல் இரகசியங்களை விற்கத் தொடங்கியபோது கடன் நெருக்கடி இருந்தது உண்மையே. எனினும், அடுத்த ஒன்பது ஆண்டுகள் அவரைக் காத்தது அவருடைய செல்வச் செழிப்பே. ஐந்து இலட்சத்து நாற்பதினாயிரம் டொலருக்கு ரொக்கமாக வீடு வாங்கினார்; விலையுயர்ந்த மோட்டார் வண்டியில் வேலைக்குச் சென்றார்; பொய் கண்டறியும் கருவியின் முன்னும் இருமுறை தேறினார். 1994இற் கைதாகும்வரை அவருடைய நாணயத்தை ஐயுற்று முடிவுகட்ட எவரும் துணியவில்லை. கடனிற் கிடந்தவனைக் கண்டவுடன் நெறித்த புருவம், காசு கொழித்தவனைக் கண்டபோது இளகிற்று. வறுமையை ஐயுறுவதும் செல்வத்தை நம்புவதும் வர்க்க சமுதாயத்தின் பழைய பழக்கம் அன்றோ?

ஆட்சியில் அமர்த்தப்படுவோரைச் சோதித்தறிதல் நமக்கும் புதிதன்று. திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரமே இதற்காக வகுக்கப்பட்டுள்ளது. அறத்தின் பேராலும், பொருளைக் காட்டியும், காமத்தைத் தூண்டியும், உயிருக்கு அஞ்சவைத்தும் மனிதனை ஆராயவேண்டுமென்ற நால்வகைச் சோதனை அங்கே பேசப்படுகின்றது. கௌடலீயரின் அர்த்தசாஸ்திரமும் இந்நான்கையும் விரிவாகச் சொல்லுகின்றது; அதனோடு, கெடாத மனிதனைச் சோதனையின் பேராற் கெடுத்துவிடலாகாது என்று எச்சரிக்கையும் செய்கின்றது. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனித்தல் வேண்டும். பொருளின் முன் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதையே பழையோர் சோதித்தனர். அவனிடம் பொருள் இல்லாதிருப்பதையே குணக்குறைவின் அறிகுறியாகக் கொள்ளும் வழக்கம், கடன் வாழ்க்கையின் நிரந்தர அம்சமாகிவிட்ட முதலாளித்துவ காலத்துக்கே உரியது. ஒருவனுடைய பெருமை சிறுமைகளை உரைத்துப் பார்க்க அவன் செய்கையன்றி வேறு கல் இல்லை என்ற கருத்தும் அதே அதிகாரத்திலே வருகின்றது. செய்கையைப் பார் என்றார் வள்ளுவர். கைப்பையைப் பார் என்றாரல்லர்.

கடன் என்ற ஒரே சொல்லினுள் மூன்று வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. ஒன்று இன்மை: நோய், வேலையிழப்பு, துணையின் மறைவு, விவாகரத்து ஆகியவற்றால் வருவது. இரண்டாவது ஊதாரித்தனம்: ஆசைக்கு அடிமைப்பட்டு வரவை மறந்து செலவிடுவது. மூன்றாவது வஞ்சனை: திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லாது வாங்குவதும், வருமானத்தை மறைத்து வரி ஏய்ப்பதுமாம். கணக்கேட்டில் இம்மூன்றும் ஒரே மாதிரியான எண்களாகவே தோன்றும். முதலாவது துன்பம், இரண்டாவது பலவீனம், மூன்றாவதே குற்றம். துன்பத்தைக் குற்றமாகப் படிக்கும் கண், அறத்தின் கண்ணாகாது.

மேற்சொன்ன பணிப்புரை இவ்வேறுபாட்டை முற்றாக மறந்துவிடவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். குற்றத்தைத் தணிக்கும் நிலைமைகள் சிலவற்றை அது தானே வகுத்துள்ளது. கடன் நெடுநாளுக்கு முன் நேர்ந்து மீண்டும் நேராத சூழ்நிலையில் ஏற்பட்டிருக்கலாம். வேலையிழப்பு, எதிர்பாராத மருத்துவச் செலவு, மரணம், மணமுறிவு, கொடுவட்டிக்காரரின் சூழ்ச்சி முதலிய, தன் கைக்கு மீறிய காரணங்களால் ஏற்பட்டிருக்கலாம். கடனாளி தக்க ஆலோசனை பெற்று நிலைமையைக் கட்டுக்குட் கொண்டுவந்திருக்கலாம். நல்லெண்ணத்தோடு தவணை முறையிற் கட்டி வரலாம். கடனே தன்னுடையதன்று என்று ஆதாரத்துடன் மறுக்கலாம். வரிப்பணத்துக்கு அதிகாரிகளோடு உடன்பாடு செய்திருக்கலாம். இவற்றையெல்லாம் தனித்தனியே நோக்கியபின், இறுதியில் 'முழு மனிதனை'யும் எடைபோட வேண்டுமென்று அவ்விதி கூறுகின்றது. செயலின் தன்மை, அப்போதைய வயது, திருந்திய அறிகுறி, மீண்டும் நிகழுமா என்ற எதிர்பார்ப்பு ஆகிய யாவும் அவ்வெடையிற் சேரும்.

மனிதனின் குணம் கல்லில் வெட்டிய எழுத்தன்று. சூழ்நிலையோடு போராடி, அச்சூழ்நிலையையும் தன்னையும் மாற்றிக்கொள்ளும் ஓர் இயக்கம் என்பது நமது துணிபு. ஆகவே, 'இவன் என்ன கடன் பட்டான்' என்பதைவிட, 'கடன் வந்தபின் இவன் என்ன செய்தான்' என்ற கேள்விக்கே அதிக அறப்பொருள் உண்டு. கடிதத்தைத் திறவாது மேசை அறையிற் போட்டுப் பூட்டியவனும், கடன்காரனை நேரிற் சந்தித்து மாதம் இருபத்தைந்து டொலராயினும் கட்டத் தொடங்கியவனும் ஒரே தொகைக்குக் கடனாளிகளாய் இருக்கலாம். ஆனால் அவர்கள் ஒரே மனிதர்களல்லர். இவ்விதிகளின் கீழ்த் தம் தகுதியை மீட்டுக்கொள்வோர், மீட்பது பெரும்பாலும் இவ்வழியாலேயே. முழுக்கடனும் தீர்ந்திருக்க வேண்டுமென்பதில்லை. திட்டம் ஒன்று இருத்தல் வேண்டும்; அது கேள்வி பிறக்கும் முன்னரே தொடங்கியிருத்தல் வேண்டும்; பற்றுச்சீட்டும் மருத்துவமனைக் கணக்கும் வேலைநீக்கக் கடிதமும் அதற்குச் சான்று பகர வேண்டும். அதிகாரி கேட்டபின் அவசரமாகக் கட்டப்பட்ட பணத்துக்கு மதிப்புக் குறைவு. அச்சத்தாற் செய்த நன்மையைவிடத் தானே உணர்ந்து செய்த நன்மை உயர்ந்தது என்ற பொதுநெறியே இங்கு சட்டமாகியிருக்கின்றது.

இனித் தனிமனித நடத்தைக்கு வருவோம். நெடுங்காலம் வழக்கில் இருந்துவந்த 86ஆம் இலக்கப் படிவம் நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. ஏழாண்டுக் காலத்தில் வங்குரோத்தானதுண்டா, நான்கு மாதத்துக்கு மேல் எக்கடனையேனும் கட்டாது விட்டதுண்டா, சூதாட்டத்தால் இழந்ததுண்டா, வரி கட்டத் தவறியதுண்டா என்றெல்லாம் அது கேட்டது. இங்கேதான் ஏழை உத்தியோகத்தன் தடுக்கி விழுகின்றான். கடன் அவனை வீழ்த்துவதில்லை. கடனை மறைத்தமை வீழ்த்துகின்றது. மூவாயிரம் டொலர் மருத்துவக் கடனை அதிகாரி மன்னித்திருப்பார். 'இல்லை' என்று எழுதிய ஒரு சொல்லை மன்னிக்கமாட்டார்.

ஏன் மறைக்கின்றான்? பெரும்பாலும் பேராசையால் அன்று, வெட்கத்தால் மறைக்கின்றான். கடனாளியை இழிந்தவனாகக் காணுமாறு அவனைப் பழக்கிய சமுதாயமே அவ்வெட்கத்தையும் அவனுள் விதைத்தது. விதைத்தவர்களே விளைவைக் குற்றமாக எண்ணுகிறார்கள். இம்முரண்பாடு வேறொரு துறையில் மிகக் கொடிய வடிவம் எடுத்தது. 1953இன் கட்டளைக்குப் பின், தன்பாலின விருப்புடையோர் எதிரியின் மிரட்டலுக்கு எளிதில் இலக்காவர் என்று காரணங் கூறி ஆயிரக்கணக்கானோர் வேலையிலிருந்து துரத்தப்பட்டனர். மிரட்டலுக்கு இடமளித்தது எது? வெளிப்பட்டால் வேலை போகும் என்ற அந்தக் கட்டளையே. வானியலறிஞர் பிராங்க் கமனி 1957இல் இராணுவ நிலப்படத் துறையிலிருந்து இவ்வாறு நீக்கப்பட்டார். அவர் மறைந்து ஒளியாது வெளிப்படையாகவே வழக்காடினார். பாலியற் சார்பை மாத்திரம் காரணமாகக் கொண்டு அனுமதி மறுக்கலாகாது என்று 1995ஆம் ஆண்டுக் கட்டளை கூறிற்று. அரசாங்கத்தின் மன்னிப்பு 2009இலேதான் அவரை வந்தடைந்தது. இரகசியத்தை உண்டாக்கிவிட்டு இரகசியத்துக்கு அஞ்சுகின்ற அரசின் மடமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

அநீதியாகக் கேட்பவனுக்குப் பொய் சொல்லுதல் பிழையோ என்று நம்முள் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியை நாம் தட்டிக்கழித்தல் ஆகாது. றொபேட் ஒப்பன்ஹைமரின் வழக்கு இதற்கு விடைதேட உதவும். 1943இல், தம்மை அணுகிய நண்பர் ஒருவரைக் காப்பாற்ற நினைத்து, அவர் பாதுகாப்பு அதிகாரிகளிடம் ஒரு கதையைப் புனைந்துரைத்தார். நண்பரின் பெயரை மறைக்கப் புனைந்த அக்கதையில் அணுகப்பட்டோர் மூவர் எனக் கூறப்பட்டிருந்தது. அதனால் ஐயம் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. பின்னர் பெயரைக் கூறவும் நேர்ந்தது, நண்பரும் பாதிக்கப்பட்டார். 1947இல் அவருடைய பழைய கோவை அணுசக்தி ஆணைக்குழுவின் முன் இருந்தபோதிலும் அனுமதி தொடர்ந்தது. 1954இலோ, நாட்டின் அரசியற் காற்று மாறியிருந்தது. ஐதரசன் குண்டுக்கு அவர் காட்டிய எதிர்ப்பும் அதிகாரத்திலுள்ளோரின் பகையும் சேர்ந்துகொண்டன. பதினோராண்டுப் பழைய பொய் குணக்கேட்டின் சான்றாக எடுத்துவரப்பட்டது. நாலுக்கு ஒன்று என்ற வாக்கினால் அனுமதி பறிக்கப்பட்டது. அந்நடவடிக்கை முறைகேடானது என்று கூறி அமெரிக்க அரசாங்கம் அத்தீர்ப்பை 2022 டிசம்பரில் நீக்கியபோது, அவர் இறந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. அரசு நேர்மையாக நடந்திருந்தால் அப்பொய் அவரை வீழ்த்தியிராது என்பது ஒன்று. அப்பொய் இல்லாதிருந்தால் அரசின் கையில் அந்த ஆயுதம் இருந்திராது என்பது மற்றொன்று. 'நீ யாரை நம்புகிறாய், எந்தக் கட்சியின் கூட்டத்துக்குப் போனாய், எந்த நூலைப் படித்தாய்' என்று கேட்பவனுக்கு விடை கூற மறுக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு. அவ்வாறு மறுத்து வேலையை இழந்தவர்களை வரலாறு மதிக்கின்றது. ஆனால் மறுத்தல் வேறு, பொய்யுரைத்தல் வேறு. மறுப்பவன் கேள்வியின் அநீதியைப் பகிரங்கப்படுத்துகிறான். பொய்யுரைப்பவன் தன் கழுத்திற் கிடக்கும் கயிற்றின் நுனியைக் கேட்டவன் கையிலேயே கொடுத்துவிடுகிறான். கடனைப்பற்றிய கேள்வியோ மனச்சாட்சியைப் பற்றிய கேள்வியுமன்று. அதற்கு உண்மை கூறுதல் அடிபணிதலாகாது. 'இக்கடன் என் வெட்கமன்று' என்று தலைநிமிர்ந்து கூறுதலேயாகும். தவறுதலாகவோ அச்சத்தாலோ மறைத்தவன்கூட, பிறர் கண்டுபிடித்து முகத்தெதிரே வைக்கும் முன் தானாகவே திருத்திக்கொண்டால் அதனை மதிக்கவேண்டும் என்று விதியிலேயே இடமுண்டு. முதற்பொய்யை இரண்டாம் பொய்யினால் மூடாதவனுக்கு மீட்சி உண்டு என்பதே இதன் பொருள்.

ஆயினும், தனிமனிதனின் கணக்கை மாத்திரம் வாசித்து நாம் நின்றுவிடலாகாது. எதிர்ப்பக்கத்துக் கணக்கும் வாசிக்கப்படல் வேண்டும். 2018 டிசம்பர் 22 முதல் 2019 சனவரி 25 வரை, வரவுசெலவுப் பூசலினால் அமெரிக்க அரசாங்கத்தின் பல பகுதிகள் 35 நாட்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய எட்டு இலட்சம் உத்தியோகத்தருக்கு உரிய நாளிற் சம்பளம் கிடைக்கவில்லை. அவர்களுட் பெருந்தொகையினர் சம்பளமின்றியே வேலைக்கும் வரவேண்டியிருந்தது. சம்பளம் பின்னர் கொடுக்கப்பட்டதாயினும், வீட்டுக் கடனும் கடனட்டைத் தவணையும் அதுவரை காத்திருக்கவில்லை. தவணை தவறினால் பாதுகாப்பு அனுமதி பறிபோகுமோ என்ற அச்சம் அவர்களைப் பிடித்தது. 2025இல் ஒக்தோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. கூலியைக் கொடாதவன் அரசு. கடனைக் கட்டாதவன் ஊழியன். முன்னதற்கு அரசியல் நெருக்கடி என்று பெயர். பின்னதற்கு நடத்தைக்குறைவு என்று பெயர்!

இன்னுமொன்று. அமெரிக்கப் படைத்தளங்களின் வாயில்களைச் சுற்றி வட்டிக்கடைகள் மலிந்திருந்தன. அடுத்த சம்பளத்தை ஈடாகக் காட்டி இளஞ்சிப்பாய்கள் வாங்கிய குறுங்காலக் கடனுக்கு, ஆண்டுக்கணக்கிற் பார்த்தால், நூற்றுக்கு முந்நூறு, நானூறு என வட்டி ஏறிற்று. கடனிற் சிக்கியவர்களின் அனுமதி பறிக்கப்படுவதால் படைக்கே ஆளில்லாது போகின்றதென்ற முறைப்பாடு எழுந்தது. பாதுகாப்புத் திணைக்களமே இதனை எடுத்துக்காட்டியபின், 2006இல் நிறைவேறிய சட்டம் படையினருக்கு வழங்கும் அத்தகைய கடனுக்கு நூற்றுக்கு 36 என்ற வட்டி எல்லையை விதித்தது. சிப்பாயின் குணத்தில் இருப்பதாகக் கருதப்பட்ட குறை, வட்டிக்காரனின் விகிதத்தில் இருந்ததென்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டவாறாயிற்று. ஆனால் சிப்பாயாக அல்லாத ஏழைக்கு அச்சட்டத்தின் நிழல் கிடைக்கவில்லை.

எடைபோடும் கையின் அதிகாரத்தையும் சற்று நோக்குவோம். விமானப் பொறியியலாளர் வில்லியம் கிறீன் 1953இல் அனுமதியை இழந்தார்; அதனால் தொழிலையும் இழந்தார். அவருக்கெதிராகச் சாட்சி கூறியவர் யாரென்பதை அவர் அறியவில்லை; குறுக்குக் கேள்வி கேட்கவும் இடமளிக்கப்படவில்லை. சனாதிபதியோ சட்டமன்றமோ வெளிப்படையாக அதிகாரமளிக்காத நிலையில் இவ்வாறு செய்தல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்ப்பளித்தது. அதன்பின் 1960இல் வந்த கட்டளை, தனியார் தொழிற்சாலைகளில் வேலைசெய்வோருக்குக் காரணங்களை எழுத்தில் அறியவும், விடையிறுக்கவும், விசாரணையில் தோன்றவும் உரிமையளித்தது. இன்று காணப்படும் நடைமுறை நேர்மை யாவும் ஒருவரது எதிர்ப்பினாற் பெறப்பட்டதேயன்றி, மேலிருந்து இரக்கத்தால் வழங்கப்பட்டதன்று.

ஆனால் 1988இற் கதவு மீண்டும் ஒடுங்கிற்று. நீர்மூழ்கிக் கப்பற்றளமொன்றிற் கூலித் தொழிலாளியாய் இருந்த தோமஸ் ஈகன் என்பவரின் பழைய குற்றத்தீர்ப்புக்களும், அவற்றுட் சிலவற்றை விண்ணப்பத்திற் கூறாது விட்டமையும், முன்னைய குடிப்பழக்கமும் காரணமாய்க் காட்டப்பட்டு அனுமதி மறுக்கப்பட்டது. சமுதாயத்துக்குத் தான் பட்ட கடனைத் தண்டனையால் தீர்த்துவிட்டதாகவும், மூன்றாண்டுகளாகக் குடியினால் தனக்குத் தொல்லையில்லை என்றும் அவர் வாதாடினார். பாதுகாப்பு அனுமதிக்கு உரிமையுடையவர் எவருமிலர் என்றும், அனுமதி மறுத்தலின் தகுதியை மேன்முறையீட்டுச் சபை ஆராய அதிகாரமில்லை என்றும் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் முடிவுசெய்தது. ஐயம் எழுமாயின் அது அரசின் பாதுகாப்புக்குச் சார்பாகவே தீர்க்கப்படும் என்பது இன்றைய விதி. குற்றவியல் வழக்கில் ஐயத்தின் பயன் எதிரிக்கு; இங்கோ ஐயத்தின் பயன் அரசுக்கு. திருடனுக்குக் கிடைக்கும் சலுகை கடனாளிக்கு இல்லை.

கேட்பவன் நம்பத்தக்கவனா என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது. விண்ணப்பகாரர் தம் கடனையும் நோயையும் மணமுறிவையும் உற்றார் உறவினரையும் நம்பி எழுதிக்கொடுத்த கோவைகள் அரசாங்கத்தின் கணினிகளிலிருந்து களவாடப்பட்ட செய்தி 2015இல் வெளியாயிற்று. இரண்டு கோடியே பதினைந்து இலட்சம் பேரின் விபரங்கள் பறிபோயின. அவர்களுள் ஏறக்குறைய பதினெட்டு இலட்சம் பேர் விண்ணப்பகாரரே அல்லர், பெரும்பாலும் அவர்தம் வாழ்க்கைத் துணைவர். இரகசியத்தைக் காக்கத் தெரியுமா என்று குடிமகனை நூறு பக்கத்திற் கேட்ட அரசு, அந்த நூறு பக்கத்தைக் காக்கத் தெரியாது நின்றது.

அப்படியாயின் சோதனையே வேண்டாம் என்பதா நம் முடிவு? அன்று. பலருடைய உயிரும் உடைமையும் ஒருவர் கையிற் கொடுக்கப்படும் எந்தச் சமுதாயத்திலும், அவர் எத்தகையவர் என்று கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. பொதுவுடைமை பேசிய அரசுகளும் இக்கேள்வியைக் கேட்டன. சோவியத் யூனியனில் உத்தியோகம் வேண்டியவர் தம் குலமும் குடும்பமும் வர்க்கமும் படிவத்தில் எழுதவேண்டியிருந்தது. பிறப்பைக் கொண்டு மனிதனை எடைபோட்டது அங்கு நிகழ்ந்த பிழை. கடனைக் கொண்டு எடைபோடுவது இங்கு நிகழும் பிழை. அங்கும் பொய்யுரைத்துப் பிழைத்தோர் உண்டு. உண்மையுரைத்துக் கெட்டோரும் உண்டு. நம் அணியினர் செய்த பிழை என்பதற்காக அதனை மறைப்போமாயின், படிவத்திற் கடனை மறைத்தவனுக்கு அறிவுரை கூறும் தகுதி நமக்கு இல்லாது போகும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. கடனை அதன் காரணத்தோடு சேர்த்து வாசித்தல் வேண்டும்; காரணத்திற் பங்குள்ள வட்டிக்காரனும் மருத்துவமனையும் கூலி கொடாத அரசும் அதே ஏட்டிற் பதியப்படல் வேண்டும். உண்மை கூறியவன் அவ்வுண்மையினாலேயே தண்டிக்கப்படலாகாது. தண்டித்தால் அடுத்தவன் பொய் கூறக் கற்றுக்கொள்வான். திருந்தியவனைத் திருந்தியவனாக ஏற்கும் துணிவு வேண்டும். ஏற்காத சமுதாயம் திருத்தத்தைப் பற்றிப் பேசுவது வெறும் பாசாங்கு.

மாதக் கடைசியிற் கைமாற்று வாங்காது மாதத்தைக் கடக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே எத்தனை பேர்? வகுப்பறையில் நின்று நேர்மையைப் போதிக்கும்போது அக்கடன் நம் நாவைத் தடுப்பதில்லை, தடுக்கவேண்டியதுமில்லை. கட்டணம் கட்டாத பிள்ளையின் பெயரை வகுப்பில் உரத்து வாசிக்கும்போதும், கடன்பட்ட அயலவனைப் பற்றிக் குசுகுசுக்கும்போதும், நாம் அந்த நூறு பக்கப் படிவத்தின் சிறு பிரதியைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை நினைத்துக்கொள்வோமாக. காசு தீர்ந்துபோகலாம், அது பல சமயம் பிறர் செய்கை. சொல்லில் நாணயம் தீர்ந்துபோகாது காப்பதோ நம் செய்கை. ஒன்றை மற்றொன்றென மயங்காதிருத்தலே, கேள்வி கேட்பவனுக்கும் விடை கூறுபவனுக்கும் பொதுவான அறம்.